குக்ரியை விட்டுவிட்டு கிர்பான் ஓடியதா?

கேள்வி இது: "1971 போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கியைப் பிடிக்கப் போன ஐ.என்.எஸ். குக்ரி, போன இடத்தில் தானே இரண்டு நிமிடத்தில் மூழ்கிவிட்டதாமே, எப்படி? கூடப் போன கிர்பான் காப்பாற்றாமல் ஏன் ஓடியது?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது தொழில்நுட்பம் பற்றியது. இரண்டாவது கேள்வி மாதிரித் தெரிந்தாலும் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டு கேட்பது. "ஓடியது" என்ற சொல்லிலேயே தீர்ப்பு இருக்கிறது. கேட்டவரைக் குறை சொல்லவில்லை. நிறையப் பேர் இந்தக் கதையை அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் என்னால் முடிந்த அளவு பதில் சொல்கிறேன்.

நான் கடற்படையில் பதினைந்து வருடம், ஒலியை வைத்து நீர்மூழ்கியைத் தேடும் சோனார் பிரிவில் மாலுமியாக இருந்தவன். சேர்ந்தது குக்ரி மூழ்கிப் பதினொரு வருடம் கழித்து. கொச்சியில் எங்களுக்கு நீர்மூழ்கி எதிர்ப்புப் பாடம் எடுத்த பெட்டி ஆபீசர்களில், அதாவது மூத்த மாலுமிகளில், சிலர் 71-இல் கடலில் இருந்தவர்கள். அவர்கள் வாயால் கேட்டது, பிறகு படித்தது, நானே அந்த இருக்கையில் உட்கார்ந்து கற்றது, இவைதான் என் சரக்கு. நீர்மூழ்கிக்குள் நான் வேலை பார்த்ததில்லை. அந்தப் பக்கத்து அனுபவம் எனக்குப் படிப்பறிவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். 1971 டிசம்பர் 9, இரவு 8.50 சுமாருக்கு, குஜராத் கரையோரம் இருக்கும் டையூவிலிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தள்ளி, குக்ரி டார்பிடோவால், அதாவது நீருக்குள் ஓடி வந்து வெடிக்கும் ஆயுதத்தால், தாக்கப்பட்டு மூழ்கியது. தாக்கியது பாகிஸ்தானின் ஹங்கோர். பிரான்சில் கட்டிய டாஃப்னே வகை நீர்மூழ்கி, கடற்படையில் சேர்ந்து இரண்டே வருடம் ஆனது. அதன் தளபதி அகமது தஸ்னீம். குக்ரியின் கேப்டன் மகேந்திர நாத் முல்லா, 14-ஆவது ஃபிரிகேட் படைப்பிரிவு முழுவதற்கும் அவர்தான் தலைமை. இறந்தவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், மொத்தம் 194 பேர். பிழைத்தவர்கள் 67. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை. ஹங்கோர் என்றால் வங்காள மொழியில் சுறா. வங்காளத்துக்காக நடந்த போரில், வங்காளப் பெயர் கொண்ட பாகிஸ்தான் நீர்மூழ்கி! இதை எங்கள் வகுப்பில் ஒரு வங்காளிப் பையன் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

இனி ஏன் அங்கே போனார்கள் என்பது. டிசம்பர் 4 இரவு இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. 8-ஆம் தேதி இரவு இரண்டாவது தாக்குதல். ஹங்கோர் நவம்பர் கடைசியிலேயே கராச்சியை விட்டுக் கிளம்பி பம்பாய்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. போர் தொடங்குவதற்கு முந்தைய இரவே இந்தியக் கடற்படை அணி தன் தலைக்கு மேலே கடந்து போனதாகவும், போர் அறிவிக்கப்படாததால் சும்மா இருக்க வேண்டியிருந்ததாகவும் தஸ்னீம் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பிறகு ஹங்கோர் கராச்சிக்கு ரேடியோவில் செய்தி அனுப்ப வேண்டி வந்தது. நீர்மூழ்கி வாயைத் திறந்தால் இருப்பிடம் வெளியே தெரியும். இந்திய ஒட்டுக்கேட்பு நிலையங்கள் அந்த அலை வந்த திசையைக் குறித்து, டையூவுக்குத் தென்மேற்கே ஒரு நீர்மூழ்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டன. 14-ஆவது படைப்பிரிவுக்கு உத்தரவு: போய்த் தேடி அழியுங்கள். அந்தப் பிரிவில் மூன்று கப்பல்கள், குக்ரி, கிர்பான், குட்டார். குட்டாரில் சில நாள் முன்புதான் கொதிகலன் அறையில் வெடிப்பு ஏற்பட்டு அதை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆக மூன்றில் மீதி இரண்டு, 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து புறப்பட்டன. விமானந்தாங்கி விக்ராந்த் அப்போது வங்காள விரிகுடாவில் வேலையாக இருந்தது. நீருக்குள் சோனாரை இறக்கிக் கேட்கும் சீ கிங் ஹெலிகாப்டர்கள் அந்த வருடம்தான் நம் கைக்கு வந்திருந்தன, அவையும் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. வேட்டைக்காரன் எப்படி இரையானான்? இதைப் புரிந்துகொள்ள சோனார் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். இருட்டில் தென்னந்தோப்புக்குள் தேங்காய்த் திருடனைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். கையில் டார்ச். வெளிச்சம் அவன் மேல் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்பி வந்தால்தான் அவன் தெரிவான். ஆனால் நீங்கள் வேலியைத் தாண்டும்போதே டார்ச் அவனுக்குத் தெரிந்துவிடும். கப்பலின் சோனார் தண்ணீருக்குள் 'பிங்' என்று ஒலி அனுப்புகிறது. அது நீர்மூழ்கியின் உடம்பில் மோதித் திரும்ப வேண்டும். போகவும் வரவும் இரண்டு பயணம், இரண்டிலும் தேய்மானம். நீர்மூழ்கி அதே பிங்கை ஒருவழிப் பயணத்திலேயே கேட்டுவிடும். அது போதாதென்று கப்பலின் என்ஜின் சத்தம், ஒற்றைச் சுழலியின் சத்தம் எல்லாம் கூடவே போகும். பேட்டரியில் மெதுவாக நகரும் நீர்மூழ்கியோ ஏறக்குறைய ஊமை.

இதற்கு மேல் தண்ணீரும் கூட்டு சேரும். மே மாதம் கிணற்றில் குதித்தவர்களுக்குத் தெரியும், மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், முங்கிக் கீழே போனால் காலில் சில்லென்று வேறொரு தண்ணீர் படும். கடலிலும் அப்படி அடுக்கு உண்டு, நம் வெப்பக் கடல்களில் நன்றாகவே உண்டு. ஒலி அந்த அடுக்கைத் தொடும்போது குளிர்ந்த பக்கமாக வளைந்து கீழே இறங்கிவிடும். கப்பலின் அடிவயிற்றில் பொருத்திய சோனாருக்கு அந்த வளைவுக்கு அப்பால் ஒரு நிழல் பகுதி உண்டாகிறது. அங்கே யானையே நின்றாலும் எதிரொலி வராது. நீர்மூழ்கித் தளபதி வெப்பமானியைப் பார்த்துத் தன் ஆழத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம். மேலே மிதக்கும் கப்பலுக்கு அந்த வசதி கிடையாது.

அந்த இருக்கையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்றும் கொஞ்சம் சொல்கிறேன். இருட்டறை, காதில் ஹெட்ஃபோன். கரையோரமாக இருந்தால் இறால்கள் எழுப்பும் சத்தம், கடுகு பொரிவது போல் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் எங்கோ ஒரு மீன்பிடி விசைப்படகின் 'டக் டக்'. பிங் போகிறது. தண்ணீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். மூன்று கிலோமீட்டரில் ஒன்று இருந்தால் நான்கு வினாடி கழித்து எதிரொலி வரும். வரும் எதிரொலியின் சுருதி கூடியிருந்தால் நம்மை நோக்கி வருகிறது, குறைந்திருந்தால் விலகுகிறது. அப்படி வந்ததில் பத்துக்கு ஒன்பது மீன் கூட்டம், பாறை, பழைய கப்பல் சிதைவு. "நான்-சப்", அதாவது நீர்மூழ்கி இல்லை, என்று கத்திவிட்டு அடுத்த பிங்குக்குக் காத்திருப்போம். இரண்டு மணி நேரம் இப்படிப் போனால் இல்லாத எதிரொலியெல்லாம் காதில் விழும். என் முதல் வருடத்தில் ஒரு பயிற்சியில், எங்கள் கப்பலின் பின்னால் நாங்களே கிளப்பிய நுரைத்தடத்தை நீர்மூழ்கி என்று பதினைந்து நிமிடம் துரத்த வைத்தேன். மெஸ்ஸில் அடுத்த ஒரு மாதம் எனக்குப் பட்டப்பெயர் "நுரை".

குக்ரியில் இருந்தது பிரிட்டனில் ஐம்பதுகளில் செய்த சோனார். கப்பலும் அங்கே கட்டியதுதான், பிளாக்வுட் வகை, 1958-இல் நம் கடற்படையில் சேர்ந்தது. டாஃப்னே நீர்மூழ்கி நம் சோனாரைவிட வெகு தூரத்திலிருந்தே கேட்கும் என்பது கடற்படைக்குத் தெரியாத விஷயமல்ல. இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது என்னவென்றால், அந்தக் குறையைச் சரி செய்யும் முயற்சி அதே கப்பலில், அதே இரவில் நடந்துகொண்டிருந்தது. மின்னணுவியல் தெரிந்த ஓர் இளம் லெப்டினன்ட், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கிய ஒரு கருவியை குக்ரியின் சோனாரோடு இணைத்து, கேட்கும் தூரத்தைக் கூட்ட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கருவி வேலை செய்யவேண்டும் என்றால் கப்பல் சத்தம் போடக்கூடாது, அதாவது மெதுவாகப் போக வேண்டும். கப்பல் 27 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வரை ஓடக்கூடியது. அன்றிரவு ஓடியது சுமார் 12 நாட். அந்த லெப்டினன்ட்டும் திரும்பி வரவில்லை.

வேகத்தை ஏன் குறைத்தார் என்று கேப்டன் முல்லாவை விமர்சிக்கிறவர்கள் உண்டு. சோனார் அறையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு அந்த விமர்சனம் அரை உண்மையாகத்தான் படுகிறது. வேகமாகப் போனால் குறி வைப்பது கடினம், ஆனால் காது அடைத்துவிடும். மெதுவாகப் போனால் காது கேட்கும், ஆனால் குறிக்கு வாகாக இருப்போம். தேடச் சொல்லி அனுப்பிய கப்பல் செவிடாகப் போய் என்ன பயன்? வளைந்து வளைந்து போகவில்லை என்று இன்னொரு குற்றச்சாட்டு. 1945 ஜூலையில் ஜப்பானிய ஐ-58 நீர்மூழ்கி மூழ்கடித்த இண்டியானாபோலிஸ் என்ற அமெரிக்கக் கப்பலின் கேப்டன் மெக்வேயை இதே குற்றத்துக்காகத்தான் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தார்கள். வளைந்து போயிருந்தாலும் அடித்திருப்பேன் என்று அந்த ஜப்பானியத் தளபதியே சாட்சி சொன்னார். மெக்வே மேல் குற்றமில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றம் சொன்னது 2000-த்தில், அதற்குள் அவர் தற்கொலை செய்துகொண்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வளைந்து போவது உதவும். ஆனால் தானே ஒலியைத் தேடி வரும் டார்பிடோவுக்கு முன்னால் அது எவ்வளவு உதவும் என்பது வேறு கணக்கு.

ஆயுதக் கணக்கையும் பாருங்கள். குக்ரி வகையின் முக்கிய ஆயுதம் லிம்போ என்ற மோர்ட்டார். மூன்று குழாய், குண்டுகள் வானில் பாய்ந்து நீர்மூழ்கியைச் சுற்றி விழுந்து வெடிக்கும். எட்டும் தூரம் ஏறத்தாழ 900 மீட்டர். டார்பிடோ கிலோமீட்டர் கணக்கில் ஓடும். ஆக, தூரத்திலிருந்து கேட்கிறவனும் தூரத்திலிருந்து அடிக்கிறவனும் ஹங்கோர்தான். கிட்டே போனால் அடிக்கலாம், ஆனால் கிட்டே போகும்வரை அவன் சும்மா இருக்க வேண்டும். வேட்டை நாயின் சங்கிலியைவிடப் புலியின் பாய்ச்சல் நீளம் என்று எங்கள் பெட்டி ஆபீசர் ஒருவர் சொல்லுவார்.

அன்று மாலை நடந்ததைப் பற்றி ஹங்கோர் தரப்பு சொல்வது இது. இரண்டு கப்பல்களும் ஒழுங்கான ஒரு செவ்வகப் பாதையில் தேடிக்கொண்டிருந்தன. அந்த ஒழுங்கைக் கணக்குப் போட்டு, அவை வரப்போகும் வழியில் போய்க் காத்திருந்தார்கள். இருட்டியபின் பெரிஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லை, கப்பல்கள் விளக்கணைத்திருந்தன. எனவே ஆழத்துக்கு இறங்கி, காதை மட்டும் நம்பித் தாக்கினார்கள். முதல் டார்பிடோ கிர்பானை நோக்கி. அது வெடிக்காமல் கடந்துபோயிற்று. இரண்டாவது குக்ரிக்கு, அது அடியில் வெடித்தது. மூன்றாவது மறுபடி கிர்பானுக்கு. இதில் இரு தரப்பும் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. குக்ரியைத் தாக்கியது ஒரே டார்பிடோ என்பது பாகிஸ்தான் கணக்கு. முல்லாவின் விருதுப் பத்திரம் "டார்பிடோக்கள்" என்று பன்மையில் சொல்கிறது, பிழைத்தவர்களும் ஒன்றுக்கு மேற்பட்ட வெடிச் சத்தம் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். டார்பிடோ ஒன்று வெடித்து, அதனால் கப்பலின் வெடிமருந்தோ கொதிகலனோ வெடித்தால் உள்ளே இருப்பவனுக்கு எது எது என்று பிரித்துச் சொல்ல வராது. கிர்பானும் அடிபட்டது என்று பாகிஸ்தான் தரப்பு சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு நிமிடம் எப்படி? டார்பிடோ என்றால் பக்கவாட்டில் ஓட்டை போடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கப்பலின் அடியில் வெடிப்பது அதைவிட மோசம். வெடித்த இடத்தில் ஒரு பெரிய வாயுக் குமிழி உண்டாகி கப்பலின் நடுப்பகுதியை மேலே தூக்கும். குமிழி சுருங்கியதும் நடுவில் தாங்கத் தண்ணீர் இருக்காது, இரண்டு முனை மட்டும் தாங்கும். முருங்கைக் கிளையை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரி முதுகெலும்பு ஒடிந்துவிடும். குக்ரியின் நீளம் 310 அடி, எடை ஆயிரத்து சொச்சம் டன், சின்னக் கப்பல். இத்தனைக்கும் அன்று அதில் இருந்தவர்கள் 194-ம் 67-ம் சேர்த்து 261 பேர். பிரிட்டிஷ் கடற்படையில் இதே வகைக் கப்பலில் ஏறத்தாழ 110 பேர்தான் இருந்தார்கள். நம் கப்பலில் எத்தனை நெருக்கமாக இருந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடி விழுந்தது ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த நேரம், நிறையப் பேர் கீழ்த்தளத்தில். விளக்கு போய்விட்டது. கப்பல் சாய்கிறது. வெளியேறும் வழி, ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய இரும்பு ஏணியும் அதன் தலையில் ஒரு வட்டத் துளையும். எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு, படுக்கையிலிருந்து எழுந்து மேல்தளம் வரை தடவித் தடவி வர வேண்டும். துறைமுகத்தில் நங்கூரமிட்டு அசையாமல் நிற்கும் கப்பலில், வழியை மனப்பாடம் செய்துகொண்ட எனக்கு ஆனது ஒரு நிமிடம் பத்து வினாடி. முன்னால் யாரும் இல்லை, தரை சாயவில்லை, ஏணி இருந்த இடத்திலேயே இருந்தது. முழங்கையில் அன்று பட்ட காயத்தின் தழும்பு இன்னமும் இருக்கிறது.

கேப்டன் முல்லாவைப் பற்றிக் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. கப்பலை விட்டு வெளியேற உத்தரவு கொடுத்தார், தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார், முடிந்தவரை ஆட்களை வெளியே அனுப்பினார், பிறகு வேறு ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க, கப்பலை இயக்கும் மேடையான பிரிட்ஜுக்குத் திரும்பினார். கப்பலோடு போனதுதான் கடைசியாகப் பார்த்தது. இவ்வளவும் அவருக்குக் கொடுத்த மகாவீர் சக்ரா விருதுப் பத்திரத்தில் இருப்பவை. நாற்காலியில் அமர்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டே போனார் என்பது பிழைத்தவர்கள் சொன்னது. அந்த இருட்டில், சாயும் கப்பலில், தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தவர்களின் சாட்சி அது. நம்பாதே என்று சொல்ல மாட்டேன், அதையே முழுக்கதையாக்கி வீடியோ போடுகிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல் வருகிறது. கேப்டன் கப்பலோடு சாக வேண்டும் என்று எந்தக் கடற்படையிலும் சட்டம் இல்லை. கடைசியாக இறங்க வேண்டும் என்பதுதான் மரபு. கடைசி ஆள் இறங்குவதற்குள் கப்பல் போய்விட்டது.

யார் மேல் தவறு என்று கேட்டால் என் சொந்தக் கருத்து ஒன்று உண்டு. அதைக் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் இருந்தால் அது குக்ரியின் பிரிட்ஜில் இல்லை, கரையில் இருக்கிறது. நீர்மூழ்கி இருப்பது தெரிந்த சின்ன வட்டத்துக்குள், அதைவிடக் காது மந்தமான இரண்டு பழைய கப்பல்களை, இரவிலும் கூடவே நின்று தேடும் ஹெலிகாப்டர் துணை இல்லாமல் அனுப்பியதுதான் அந்த இரவின் முதல் பிழை. இதற்கு எதிர்வாதமும் உண்டு, அது லேசானதல்ல. பம்பாய் வாசலில் ஒரு நீர்மூழ்கி நிற்கிறது, ஏவுகணைப் படகுகள் அந்த வழியாகத்தான் போய் வருகின்றன, கையில் இருப்பதை அனுப்பாமல் என்ன செய்வது? போரில் நல்ல கப்பல் வரும்வரை காத்திருக்கலாம் என்ற வசதி கிடையாது. அதே போரில் ஐந்தாறு நாள் முன்பு, விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விக்ராந்தைத் தேடி வந்து தானே அழிந்தது. விக்ராந்த் அங்கே இல்லவே இல்லை, அந்தமான் பக்கம் இருந்தது. அங்கே ஏமாற்று பலித்தது, இங்கே தேடல் பலிக்கவில்லை.

ஹங்கோர் தப்பித்துவிட்டது. அடுத்த நான்கு நாள் கப்பல்களும் விமானங்களுமாகத் துரத்தினார்கள். கராச்சி மேல் திட்டமிட்டிருந்த மூன்றாவது தாக்குதல் இந்த வேட்டையால் கைவிடப்பட்டது. ஒரு நீர்மூழ்கி மூழ்கடித்த கப்பலைவிட, அது கட்டிப்போட்ட கப்பல்கள் அதிகம் என்று சொல்வது இதனால்தான். ஹங்கோர் இப்போது கராச்சி கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டையூவில் குக்ரிக்கு நினைவிடம் இருக்கிறது, கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிக்குள் கப்பலின் சிறு உருவம்.

சோனார்காரன் என்பதால் இன்னொன்று. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் அப்போது கடற்படையில் இளம் அதிகாரி. குக்ரிக்குப் பிறகு அந்தப் பழைய பிரிட்டிஷ் சோனாரைச் சரிப்படுத்தும் வேலை அவரிடம் வந்தது. பிறகு 'அப்சோ' என்ற முழு இந்திய சோனாரை உருவாக்கிய குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் அவர் கண்டுபிடித்த பல ஆண்டெனா முறைதான் இன்று உங்கள் வைஃபையிலும் 4ஜி-யிலும் ஓடுகிறது. நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் உட்கார்ந்தது அப்சோ முன்னால்தான். பழைய கருவியில் கற்ற காது அதன் திரையைப் பார்த்து முதல் வாரம் முழுக்க நம்ப மறுத்தது.

கடைசியாக கிர்பான். 1914 செப்டம்பர் 22 காலை, வட கடலில் அபூக்கிர் என்ற பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மன் யு-9 நீர்மூழ்கி அடித்தது. கூட வந்த ஹோக் நின்று ஆட்களைத் தூக்கப் போனது, அதையும் அடித்தது. கிரெஸி நின்றது, அதையும் அடித்தது. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று கப்பல், ஏறத்தாழ 1,450 உயிர். அந்தக் காலைக்குப் பிறகு, நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கும்போது மூழ்கும் தோழனுக்காக நிற்காதே என்பது கடற்படைகளின் பாலபாடம் ஆனது. வகுப்பில் முதல் நாள் சொல்வார்கள். கேட்கக் கொடூரமாக இருக்கும், நானும் கேட்டு முகம் சுளித்தவன்தான். 9-ஆம் தேதி இரவு கிர்பான் நின்றிருந்தால், அதன் மேல் ஏற்கெனவே ஒரு டார்பிடோ விட்டு இன்னொன்றைத் தயாராக வைத்திருந்தவனுக்கு எதிரே நின்றிருக்கும். அது திரும்பியது, முழு வேகத்தில் விலகியது, மூன்றாவது டார்பிடோவைத் தப்பியது. குக்ரியில் பிழைத்தவர்கள் இரவு முழுவதும் மிதவைகளில் கிடந்தார்கள், அதில் யாருக்கும் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. அன்றிரவே திரும்பி வந்திருக்கலாமா என்று இன்றும் கேட்கிறவர்கள் கடற்படைக்குள்ளேயே இருக்கிறார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் விடிந்ததும் கிர்பான் திரும்பி வந்தது. கச்சால் என்ற இன்னொரு கப்பலோடு, நீர்மூழ்கி இன்னும் அங்கேயே இருக்கலாம் என்று தெரிந்தே வந்து, மிதந்தவர்களைத் தூக்கியது. அடிபட்ட கப்பல் அடுத்த காலை அப்படி வந்து நிற்காது, பாகிஸ்தான் கணக்கை நான் ஏற்காததற்குக் காரணம் அதுதான். இன்னும் ஏழு வருடம் கழித்து, 1978-இல் இந்தியக் கடலோரக் காவல்படையைத் தொடங்கியபோது, தத்தளிக்கும் மீனவர்களையும் மாலுமிகளையும் மீட்பதையும் ஒரு வேலையாகக் கொண்ட அந்தப் படைக்குக் கடற்படை கொடுத்த இரண்டு பெரிய கப்பல்களில் ஒன்று குட்டார், மற்றது கிர்பான்.